கண் வைக்காத ஜார்ஜியார்

காலை மணி 7.10. முதலில் கண்ணில் பட்டவை பதினாறு குதிரைகள். சாயம் பூசாத வெள்ளைக் குதிரைகள். தொழிற்கூடத்தின் முன்பக்கம் பலகைகளின் மேல் இரண்டு வரிசையாக வெயிலுக்கு நின்றன. எல்லாம் முன்னங்கால்களைத் தூக்கியிருந்தன. எதன் மேலும் ஆள் இல்லை. ஆட்கள் இடுப்புக்கு மேல் மட்டும் உள்ளவர்களாகப் பக்கத்துப் பலகையில் கிடந்தார்கள். கைகள் ஒரு பிளாஸ்டிக் கூடையில் இருந்தன.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டை, 2007 பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை. சென்னையிலிருந்து ரயிலில் வந்து இறங்கியிருந்தேன். ஜங்ஷனிலிருந்து ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய். வழியில் சிறிய புகைபோக்கிகள், உடைந்த பீங்கான் குவியல்கள், மூட்டை மூட்டையாக வெள்ளைக் களிமண். மின்கம்பத்துப் பீங்கான் செய்யும் கூடங்களும் பொம்மை செய்யும் கூடங்களும் கலந்திருக்கும் இடம் இது. ஞாயிறு இணைப்புக்கு ஒரு கட்டுரை எழுத வந்தேன். ஒரே அச்சில் கிராமத்துக் காவல் தெய்வமான வீரனாரையும் கிறிஸ்தவப் புனிதர் ஜார்ஜியாரையும் வார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பழைய கதைகளின் வீரர்களுக்கும் தேவாலயத்துப் புனிதர்களுக்கும் உள்ள ஒற்றுமை பற்றி நூல்களில் படித்ததுண்டு. அச்சாகவே பார்க்கலாம் என்பதுதான் எண்ணம்.

கூடத்தின் உரிமையாளர் தங்கராசு. வயது ஐம்பதுக்கு மேல். இருபது ஆண்டு வேறொருவரிடம் வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாகத் தொடங்கியவர். பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் மலர்க்கொடி சாயம் தீட்டுபவர். முப்பத்தாறு வயது. நல்லூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறார்.

தங்கராசு அச்சைப் பிரித்துக் காட்டினார். பிளாஸ்டர் அச்சு, குதிரைக்கு மூன்று துண்டு, ஆளுக்கு இரண்டு. கூழ்போலக் கரைத்த களிமண்ணை உள்ளே ஊற்றுகிறார்கள். இருபத்தைந்து நிமிடம் கழித்து மிச்சத்தைக் கவிழ்த்துவிடுகிறார்கள். அச்சின் சுவர் நீரை உறிஞ்சிக்கொள்ள, ஓரமாக ஒரு தோல் நின்றுவிடும். அதுதான் குதிரை. உள்ளே வெறும் காற்று.

“குதிர ஒண்ணுதான் சார். மேல உக்கார்றவருதான் மாறுவாரு.”

“முகம்?”

“மொகமும் ஒண்ணுதான். ஈரத்துலயே மீசையச் செதுக்கி எடுத்துட்டா ஜார்ஜியாரு, உட்டுட்டா வீரனாரு. தலப்பாவுக்குப் பதிலா இரும்புத் தொப்பி. அருவாக் கைக்குப் பதிலா ஈட்டிக் கை. கூடைல ரெண்டு கையும் இருக்குது பாருங்க.”

மலர்க்கொடி தலையைத் தூக்காமல் சொன்னார்: “இவரு மீசையயும் எடுத்துப் பாருங்க சார். இவரும் ஜார்ஜியாருதான்.”

கூடம் முழுவதும் சிரித்தது. தங்கராசுவும் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

வீரனார் இரண்டரை அடி, ஆயிரத்து எண்ணூறு ரூபாய். ஜார்ஜியார் அதே இரண்டரை அடி, இரண்டாயிரத்து இருநூறு. ஏன் நானூறு கூடுதல் என்று கேட்டேன்.

“குதிரைக் காலுக்குக் கீழ பாம்பு வருதுல்ல சார். அது பாம்புக்கு.”

அந்தப் பாம்பைப் பற்றித்தான் என் குறிப்பேட்டில் அதிகம் எழுதி வைத்திருந்தேன். ஓர் ஊருக்கு வெளியே நீர்நிலையில் வலுசர்ப்பம் என்னும் பெரும்பாம்பு ஒன்று இருக்கிறது. ஊரார் சீட்டுப்போட்டு நாளுக்கொரு பிள்ளையை அதற்குக் கொடுக்கிறார்கள். ஒருநாள் அரசன் மகளின் முறை. அந்நேரம் குதிரையில் வரும் ஜார்ஜியார் ஈட்டியால் சர்ப்பத்தை வீழ்த்துகிறார். கிரேக்கரின் பழங்கதையிலும் ஓர் அரசன் மகள் கடலரக்கனுக்காகப் பாறையில் கட்டப்பட்டிருக்கிறாள். பெர்சியஸ் என்ற வீரன் வந்து அரக்கனைக் கொல்கிறான். அந்தப் பாறை இருந்ததாகச் சொல்லப்படும் கடற்கரையும் ஜார்ஜியாரின் கல்லறை இருப்பதாகச் சொல்லப்படும் ஊரும் பக்கத்துப் பக்கத்தில் உள்ளவை. நம் பக்கம் வந்தால், காளிங்கனின் தலைமேல் கண்ணன் நிற்கிறான். சூரனைத் தேடிக் கடலுக்குள் வேல் போகிறது. தேவதூதரான மிக்கேல் சம்மனசு சாத்தானின் நெஞ்சில் கால் வைத்துக்கொண்டிருக்கிறார். மேலே ஓர் இளைஞன், கையில் கூரிய ஆயுதம், காலடியில் நெளியும் உடல்.

வேற்றுமையையும் எழுதியிருந்தேன். ஜார்ஜியாரைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் குதிரையும் இல்லை, பாம்பும் இல்லை. அவர் யாரையும் கொல்லவில்லை. விசுவாசத்தை விட மறுத்ததற்காகக் கொல்லப்பட்டார். பாம்பு பல நூற்றாண்டு கழித்து வந்து ஒட்டிக்கொண்டது. இந்தக் கூடத்திலும் பாம்பைக் கடைசியில்தான் ஒட்டுகிறார்கள்.

காலை 10.20. தங்கராசுவின் செல்போன் அடித்தது. முதலில் “சொல்லுங்க உபதேசியாரே” என்று உற்சாகமாகப் பேசினார். பிறகு எழுந்து நின்றார். பிறகு வெளியே போய்க் குதிரைகளுக்கு நடுவே நின்று, அதிகம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது அவர் பார்த்தது மலர்க்கொடியை.

“மலரு, சனிக்கிழம போன ஜார்ஜியாருக்குக் கண்ணு வச்சியா?”

மலர்க்கொடியின் தூரிகை அப்படியே நின்றது.

“குதிர வரிசையில இருந்துச்சுண்ணே.”

நடந்தது இதுதான். கொலு பொம்மைகளுக்குக் கூடத்திலேயே கண் வைத்துவிடுவார்கள். குதிரை மேல் வரும் காவல் தெய்வங்களுக்கு மட்டும் வைப்பதில்லை. வெறும் வெள்ளை விழியோடு அனுப்புவார்கள். எல்லையில் நிறுத்தி, பூசாரி சொல்லும் நேரத்தில், அங்கேயே கருவிழி வைப்பது வழக்கம். முதல் பார்வை யார்மேலும் விழக்கூடாது. கண்ணாடியைக் காட்டுவார்கள், அல்லது பசுவை நிறுத்துவார்கள். ஜார்ஜியார் வீரனார்களோடு ஒரே பலகையில் இருந்தார். மலர்க்கொடி சிவப்பு அங்கி, வெள்ளிக் கவசம், பாம்புக்குப் பச்சை, நாக்குக்குச் சிவப்பு என எல்லாம் தீட்டிவிட்டு, குதிரைக்காரர்களுக்குச் செய்வதுபோலவே விழியை வெள்ளையாக விட்டுவிட்டார். வைக்கோல் சுற்றி, சணல் கட்டி, சிலை சனிக்கிழமை போய்விட்டது.

போன இடம் கருவேப்பிலங்குறிச்சி தாண்டி உள்ளே இருக்கும் ஒரு சிற்றூர். நாற்பது வீடு, பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், கரும்பு வெட்டும் வேலை. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்; எழுதவில்லை. ஞாயிறு செபத்தில் எல்லாரும் சிலையைப் பார்த்தார்கள். மிச்சச் சாயத்துக்கு ஆள் வரும் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார்கள். திங்கள் மாலை ஐந்தரை மணிக்கு அருளானந்து என்பவரைக் கரும்புத் தோட்டத்தில் பாம்பு கடித்தது. நாற்பத்தொரு வயது. நல்ல பாம்பு. விருத்தாசலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். நினைவு இருக்கிறது, கூப்பிட்டால் விரலை அசைக்கிறார். ஆனால் இமை இரண்டும் விழுந்துவிட்டன. கண்ணைத் திறக்க முடியவில்லை.

நல்ல பாம்பின் விஷம் இமைத் தசையை முதலில் பிடிக்கும். இது மருத்துவம். ஊர் அதைப் படித்த விதம் வேறு. கண்ணில்லாத குதிரைக்காரர் தன் காலடியில் கிடக்கும் பாம்பைப் பார்க்கவில்லை. பாம்பு இறங்கி வந்துவிட்டது. கடிபட்டவனின் கண்ணையும் மூடிவிட்டது.

“கண்ண உட்டவளே வந்து வைக்கணுமாம்,” என்றார் தங்கராசு. “பொழுது சாயறதுக்குள்ள.”

“நான் பெரிய சாமிக்கெல்லாம் வச்சது இல்லண்ணே. கொலு பொம்மைக்குத்தான் வச்சிருக்கேன். நீங்க போய் வைங்க.”

“நான் வச்சா குருவி முட்ட மாதிரி இருக்கும்.”

யாரும் சிரிக்கவில்லை.

“அந்தாளுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?” என்றார் மலர்க்கொடி.

தங்கராசு என் பக்கம் திரும்பினார். “சார், நீங்களும் வரீங்களா? பத்திரிகைக்காரரு கூட இருந்தா கைய ஓங்க மாட்டாங்க.”

பகல் 12.40. மினி லாரி புறப்பட்டது. ஓட்டுநர் குமார், பக்கத்தில் மலர்க்கொடி, அவருக்கும் கதவுக்கும் இடையில் நான். தங்கராசு பின்னால் திறந்த தட்டில் நின்றுகொண்டு வந்தார். மலர்க்கொடியின் மடியில் ஒரு டிபன் டப்பா. உள்ளே கறுப்பு எனாமல், இரண்டு தூரிகை, கொஞ்சம் பஞ்சு. டப்பாவை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கொஞ்ச தூரம் போனதும் அதைத் திறந்து, காய்ந்த தூரிகையால் தன் கட்டைவிரல் நகத்தின்மேல் வட்டம் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வட்டம் பிசகியது. மறுபடி போட்டார்.

“ஏன் மலரு, ஒன் நகத்துக்குக் கண்ணு வச்சி என்னா பண்ணப் போற?” என்றார் குமார்.

“ஒனக்குத்தான் வழி பாக்க ஆகும். ரோட்டப் பாத்து ஓட்டு.”

சொல்லிவிட்டு மறுபடி வட்டம் போட்டார்.

கருவேப்பிலங்குறிச்சி பன்னிரண்டு கிலோமீட்டர் என்றார் குமார். அங்கே டீ குடிக்க நிறுத்தினோம். டீ மூன்று ரூபாய். கடைக்காரர் லாரியில் எழுதியிருந்த பெயரைப் படித்தார். பிறகு என்னையும் தங்கராசுவையும் விட்டுவிட்டு மலர்க்கொடியை மட்டும் பார்த்தார்.

“பொம்மக் கம்பெனியா? குருட்டுச் சாமிக்குக் கண்ணு வைக்கப் போறீங்களா?”

செய்தி எங்களுக்கு முன்னால் வந்திருந்தது.

“காலைல அந்த ஊர்க்காரங்க சொன்னாங்க. நேத்து ராவுல ஒருத்தரும் கால கீழ வைக்கலயாம். ஏம்மா, நீதான் வைக்கப் போறியா? புருசன் புள்ளைங்க இருக்குதா?”

“ரெண்டு பசங்க.”

“ம்,” என்றார் கடைக்காரர். மலர்க்கொடி டீயைப் பாதியில் வைத்துவிட்டார். எங்கள் டீக்குக் காசு வாங்க மறுத்தார் கடைக்காரர். துக்க வீட்டுக்குப் போகிறவர்களிடம் நடந்துகொள்வதுபோல் இருந்தது அது.

அங்கிருந்து சேத்தியாத்தோப்பு போகும் சாலையில் கொஞ்சம் போய், வாய்க்கால் ஓரமாக மண்பாதையில் திரும்பினோம். இருபக்கமும் வெட்டாத கரும்பு, லாரியின் உயரத்துக்கு மேல். குமார் தன் பக்கக் கண்ணாடியை ஏற்றினார். நானும் ஏற்றினேன். பாம்பு ஜன்னல் உயரத்துக்கு வராது என்று எனக்குத் தெரியும். ஏற்றியதைக் குறித்துக்கொள்கிறேன். உள்ளே புழுக்கம். சருகு உரசும் சத்தம் கண்ணாடியைத் தாண்டியும் கேட்டது.

வழியில் ஒரு டயர் பஞ்சர். ஸ்டெப்னி மாற்றக் குமார் கீழே இறங்க மறுத்தார். தங்கராசு ஜாக்கியால் தரையைத் தட்டித் தட்டி முதலில் இறங்கினார். முக்கால் மணி நேரம் போனது. அதற்குள் பொழுது சாய்ந்துவிடுமோ என்று மலர்க்கொடி மூன்று முறை என்னிடம் மணி கேட்டார்.

பிற்பகல் 3.20. ஊர் வந்துவிட்டது. முதலில் எனக்கு ஏதோ திருவிழாக் கூட்டம் போலத் தோன்றியது. எல்லாரும் உயரத்தில் இருந்தார்கள். டிராக்டர் டிரெய்லரில் பெண்கள், மாட்டு வண்டியில் கிழவர்கள், மதில்மேல் பிள்ளைகள், கட்டில்களின் மேல் ஆண்கள். எல்லார் கால்களும் மேலே மடங்கியிருந்தன. தரையில் ஒரு கால் இல்லை. நாற்பது வீட்டு ஜனம் கால் மடக்கி உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் இறங்கி நடந்த சத்தம் மட்டும் கேட்டது.

சிற்றாலயம் ஓட்டுக் கட்டடம், வெள்ளையடித்தது. கதவு வெளியே தாளிடப்பட்டிருந்தது. கதவடியில் ஈரத்துணியைத் திணித்து இடுக்கை அடைத்திருந்தார்கள். உபதேசியார் சேசுராஜ் செருப்பில்லாமல் தரையில் நின்றார். அந்த ஊரில் தரையில் நின்ற ஒரே ஆள் அவர். வெள்ளை வேட்டி, கையில் செபமாலை. பங்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் செபம் நடத்துவது இவர்.

“சாமியாருக்குப் போன் போட்டேன்,” என்றார் எங்களிடம். “சாயம் பூச மறந்துட்டாங்க, பூசிட்டுப் போவட்டும், வேற ஒண்ணும் பண்ணக் கூடாதுன்னுட்டாரு. இது சுரூபம், வெறும் செலதான். சாமி மேல இருக்காரு. புரியுதா?”

மலர்க்கொடி தலையாட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “கண்ணாடி இருக்குதா ஐயா?”

“எதுக்கு?”

“எதுத்தாப்புல காட்டணும்.”

“அதெல்லாம் ஒங்க கோயில்ல. இங்க அந்தப் பழக்கம் இல்ல.”

டிரெய்லரிலிருந்து ஒருவர் குதித்து வந்தார். கடிபட்ட அருளானந்துவின் தம்பி லூர்துசாமி. கையில் கரும்பு வெட்டும் கத்தி. வேலை செய்கிறவர் கையில் எப்போதும் இருப்பதுதான், ஆனால் அன்று அவர் வேலை செய்யவில்லை.

“நீதான் கண்ண உட்டவளா?”

தங்கராசு குறுக்கே வந்தார். “தம்பி, தெரியாம நடந்துபோச்சு. பத்திரிகைலேர்ந்து சார் வந்திருக்காரு...”

“சாரு ஓரமா நிக்கட்டும். பாம்பே ஒங்க வைக்கோல்லதான் வந்துச்சு. எங்களுக்குத் தெரியும். கேளு, எங்கண்ணன் பொழைக்கணும். அதுக்கப்புறம் இந்த ஊர்ல இன்னொரு ஆள பாம்பு கடிச்சாலும் ஒன்னத்தான் வந்து கேப்பேன். வெளங்குதா?”



அப்போது எதிர் வீட்டிலிருந்து ஒரு பெண் வெளியே வந்து, வாசலில் போட்டிருந்த கட்டிலிலிருந்து தரையில் இறங்கினார். கையில் முகம் பார்க்கும் கண்ணாடி, ஒன்றரை அடிக்கு ஓரடி, மூலையில் இரண்டு பொட்டு ஒட்டியிருந்தது. அருளானந்துவின் மனைவி பிலோமினா. இரவெல்லாம் மருத்துவமனையில் இருந்துவிட்டு இதற்காகக் காலையில் திரும்பியிருக்கிறார்.

“ஏம்மா பிலோமினா, நீயுமா?” என்றார் உபதேசியார்.

“நீங்க செபத்தச் சொல்லுங்க உபதேசியாரே. நான் கண்ணாடியப் புடிக்கிறேன். ரெண்டுல எது கேட்டுதுன்னு அப்புறம் பாத்துக்கலாம்.”

உபதேசியார் தாழ்ப்பாளை நீக்கினார்.

உள்ளே இருட்டும் வைக்கோல் வாசமும். சிலை சுற்றி வந்த வைக்கோலை யாரும் அள்ளவில்லை. மூலையில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. ஜார்ஜியார் ஒரு மேசையின் மேல் இருந்தார். தலையில் வெள்ளைத் துண்டு போட்டு மூடியிருந்தார்கள். ஈட்டி துண்டைத் தள்ளிக்கொண்டு நீட்டியிருந்தது. உபதேசியார் துண்டை எடுத்தார்.

காலையில் கூடத்தில் இதே முகத்தைப் பதினாறு முறை பார்த்திருந்தேன். அங்கே அது களிமண். இங்கே உதடு சிவப்பு, கன்னம் மாநிறம், புருவம் கறுப்பு, அதற்குக் கீழே இரண்டு வெள்ளைக் குழி. பார்வை இல்லாதவரின் முகம் இப்படி இருக்காது. இது பார்க்க மறுக்கிறவரின் முகம்போல இருந்தது. குதிரையின் குளம்புக்குக் கீழே பச்சைப் பாம்பு வாயைத் திறந்திருந்தது. அதற்குக் கண் இருந்தது. மலர்க்கொடி அதற்கு இரண்டு மஞ்சள் புள்ளி வைத்து, நடுவில் கறுப்புக் கோடும் இழுத்திருந்தார். பாம்புக்குக் கண் வைக்கக் கூடாது என்று எந்த வழக்கமும் சொல்லவில்லை.

பிலோமினா கண்ணாடியைத் தன் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சிலைக்கு எதிரே நின்றார். மலர்க்கொடி சிலையின் பின்பக்கம் போய், ஒரு முக்காலியில் ஏறி, வலக்கையை ஜார்ஜியாரின் தோளுக்கு மேலாக முன்னால் நீட்டினார். முகத்தை நேராகப் பார்க்காமல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வைப்பதுதான் முறை. பெர்சியஸின் கதையில் இன்னொரு பகுதி எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. பார்த்தவரைக் கல்லாக்கும் ஒரு முகத்தை அவன் தன் பளபளப்பான கேடயத்தில் பார்த்தபடிதான் வெட்டினான். இதைக் குறிப்பேட்டில் எழுத நினைத்துக் கீழே பார்த்தபோதுதான் கவனித்தேன். சிலைக்கு நேரெதிரே நின்றிருந்த நான் நான்கு அடி விலகி, சுவரோரம் வந்திருந்தேன். எப்போது நகர்ந்தேன் என்று தெரியவில்லை.

உபதேசியார் மன்றாட்டு மாலையைத் தொடங்கினார். வெளியே இருந்த ஜனம் ஒவ்வொரு புனிதர் பெயருக்கும் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றது.

4.35. தூரிகை வலது விழியைத் தொட்டது. கண்ணாடியில் எல்லாம் இடம் வலமாகத் தெரியும். மலர்க்கொடி கையை இடப்பக்கம் கொண்டுபோக நினைத்தால் அது வலப்பக்கம் போயிற்று. இரண்டு முறை நிறுத்தினார். பிறகு வட்டம் முடிந்தது. ஜார்ஜியாருக்கு ஒரு கண் வந்தது.

அந்த ஒரு கண் கண்ணாடி வழியாக மலர்க்கொடியைப் பார்த்தது. மற்றது வெள்ளை. அவர் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

“வை மலரு,” என்றார் தங்கராசு வாசலிலிருந்து.

அப்போது மூலையில் வைக்கோல் சரசரத்தது.

செபம் நின்றது. பிலோமினா கண்ணாடியை அசைக்கவில்லை. ஆனால் கண்ணாடிக்குக் கீழே அவர் கால்விரல்கள் தரையை இறுக்கிக்கொண்டதைப் பார்த்தேன். அவர் நின்ற இடத்துக்கும் வைக்கோலுக்கும் ஆறு அடி. லூர்துசாமி வாசலில் கத்தியை ஓங்கியபடி நின்றார், உள்ளே வரவில்லை. மறுபடி சரசரப்பு.

“நீ வை,” என்றார் பிலோமினா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து. “எது வந்தாலும் நான் நகர மாட்டேன். வை.”

மலர்க்கொடி இடது விழியில் தூரிகையை வைத்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரே சுற்றில் முடித்தார். முக்காலியிலிருந்து இறங்கியவர், சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே வெளியே ஓடினார்.

லூர்துசாமி ஒரு கழியால் வைக்கோலைப் பிரித்துப் பார்த்தார். தவளை ஒன்று இருந்தது. யாருக்கும் நிம்மதி வரவில்லை. தவளை இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும் என்றார் ஒருவர். வைக்கோலை அள்ளிக் கொளுத்தினார்கள்.

மாலை 5.05. லூர்துசாமியின் செல்போன் அடித்தது. மருத்துவமனையில் இருந்த உறவுக்காரர். லூர்துசாமி கேட்டுவிட்டுப் போனை அண்ணியிடம் கொடுத்தார். பிலோமினா காதில் வைத்துக் கேட்டுவிட்டு மண்ணில் அப்படியே உட்கார்ந்தார்.

“கண்ணத் தொறந்துட்டாராம்.”

டிரெய்லரிலிருந்து முதலில் ஒரு பெண்ணின் கால் இறங்கியது. பிறகு இன்னொன்று. கட்டில்களிலிருந்து, வண்டியிலிருந்து, மதிலிலிருந்து ஒவ்வொரு காலாகத் தரைக்கு வந்தது. பிள்ளைகள் மண்ணைக் காலால் தட்டிப் பார்த்தன. உபதேசியார் மணி அடித்தார். லூர்துசாமி கத்தியைக் கூரையில் செருகிவிட்டு மலர்க்கொடியிடம் வந்தார்.

“அக்கா, சாப்புட்டுப் போங்க.”

“இல்லப்பா. போயிட்டு வரேன்.”

கண்ணாடியை என்ன செய்வது என்று கேட்டார் பிலோமினா. அதில் முதல் பார்வை விழுந்திருக்கிறது. மறுபடி வீட்டில் மாட்டப் பயம். எங்கள் வழக்கத்தில் ஆற்றில் விட்டுவிடுவோம் என்றார் மலர்க்கொடி. உபதேசியார் கேட்காதவர்போல வேறு பக்கம் பார்த்தார். பிலோமினா அதைச் சாக்கில் சுற்றித் தானே எடுத்துக்கொண்டு வெள்ளாற்றுப் பக்கம் நடந்தார். பொட்டு இரண்டையும் பிய்த்து எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் மலர்க்கொடி பேசினார். “ஒருத்தரும் என் எதுத்தாப்புல நிக்கல, பாத்தீங்களா சார்? சாப்புடச் சொன்ன தம்பி கூட ஓரமா நின்னுதான் பேசுச்சு.”

நான் பார்த்திருந்தேன்.

புதன்கிழமை காலை 8.15. ரயிலுக்கு நேரம் இருந்ததால் மருத்துவமனைக்குப் போனேன். அருளானந்து தலையணையில் சாய்ந்திருந்தார். இமை பாதிதான் மேலே போயிருந்தது. ஆளைப் பார்க்கத் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டியிருந்தது. நாக்கு தடித்துப் பேசினார்.

“சாமி இப்ப பாக்குதா?”

“பார்க்குது,” என்றேன்.

“பாம்பயா?”

சிலையின் இடது கண்மணி கொஞ்சம் வெளிப்பக்கம் தள்ளி விழுந்திருந்தது. கண்ணாடியில் பார்த்து வைத்ததால் இருக்கலாம். அந்தக் கண் வாசலைப் பார்க்கிறது. அதைச் சொல்லவில்லை.

பிழைத்துவிட்டார், இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று அங்கிருந்த சிஸ்டர் சொன்னார். கண் எத்தனை மணிக்குத் திறந்தது என்று கேட்டேன். படுக்கையில் தொங்கிய அட்டையைப் புரட்டிப் படித்தார். செவ்வாய், பிற்பகல் 2.50. அந்நேரம் நாங்கள் கரும்புக்கு நடுவே டயர் மாற்றிக்கொண்டிருந்தோம்.

அட்டையை மாட்டிவிட்டு சிஸ்டர் அடுத்த படுக்கைக்குப் போனார். அங்கே ஒரு பெண் கண்களை மூடிப் படுத்திருந்தார். காலடியில் இன்னோர் அட்டை. பெயர் மரியசெல்வம், வயது 28. அதே ஊர். பாம்பு கடித்த இடம் வலது குதிகால். கடித்த நேரம் செவ்வாய் மாலை 6.15.